உங்கள் நூல் உங்கள் வளாகத்தில் படிக்கப்பட: ஆசிரியப் பணியில் இருக்கும் நூலாசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ பணியாற்றும் ஒருவரின் நூல் வெளியாகிறது. முதல்வருக்கு ஒரு படி, துறைத் தலைவருக்கு ஒரு படி, நெருங்கிய நண்பர்களுக்குச் சில. புகைப்படம் எடுத்துக்கொள்கிறார்கள். அத்துடன் முடிந்துவிடுகிறது. அதே வளாகத்தில், அதே பொருளில் ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கும் முதுகலை மாணவிக்கு அப்படி ஒரு நூல் இருப்பதே தெரியாது. பல ஆண்டு உழைப்பு இப்படி அலமாரிக் கண்ணாடிக்குள் போய்விடுவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை.

என் முதல் நூல் வந்தபோது நூலகத்தில் ஒரு பதில், அலுவலகத்தில் ஒரு பதில், பதிப்பகத்தில் வேறொரு பதில் கிடைத்தது. எந்தக் கடிதத்தை யாருக்கு எழுதுவது என்பதைக்கூட ஒரே இடத்தில் சொல்ல ஆளில்லை. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டுக் கல்லூரி, பல்கலைக்கழக நடைமுறையை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன்.

நூல் வளாகத்தில் இருக்கிறது என்று நான் சொல்வது ஒரே பொருளில்தான். ஒரு மாணவர் நூலகத்தின் நூற்பட்டியலில் தேடினால் அது கிடைக்க வேண்டும். தன் நூலக அட்டையில் பதிந்து விடுதிக்கு எடுத்துப்போக முடிய வேண்டும். கீழே உள்ள எல்லாப் படிநிலைகளும் அதற்காகத்தான்.

1. ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள்

யாருக்கு எதைக் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு என்பது பதிப்பகத்துடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் இருக்கிறது. நான்கு செய்திகளைத் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள்: இலவசப் படிகள் எத்தனை, கூடுதலாக வாங்கும் படிகளுக்குக் கழிவு எவ்வளவு, மின்னூல் உரிமை யாரிடம் இருக்கிறது, ஒப்பந்தக் காலம் எவ்வளவு.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, உரிமையாளர் கையெழுத்திட்ட எழுத்து ஆவணம் இல்லாத உரிமை மாற்றம் செல்லாது. ஆவணத்தில் காலம் குறிப்பிடப்படவில்லை என்றால் 5 ஆண்டுகள் என்றும், எல்லை குறிப்பிடப்படவில்லை என்றால் இந்தியாவுக்குள் என்றும் கொள்ள வேண்டும். தமிழ்ச் சிறு பதிப்பகங்களில் பல ஏற்பாடுகள் வாய்மொழியாகவே நடக்கின்றன. நீங்கள் எதிலும் கையெழுத்திடவில்லை என்றால் பதிப்புரிமை உங்களிடமே இருக்கிறது. ஆனாலும் பக்க வடிவமைப்புக்கும் அட்டைக்கும் பதிப்பகத்தார் பணம் போட்டிருக்கிறார்கள். அவர்கள் உருவாக்கிய கோப்பைக் கேட்காமல் பரப்புவது முறையாகாது. நான்கு வரி மின்னஞ்சல் எழுதி, பதிலைச் சேமித்து வையுங்கள். தொலைபேசியில் கிடைத்த சம்மதம் பிறகு ஆளுக்கு ஒரு விதமாக நினைவில் இருக்கும்.

தனியாகக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பல்கலைக்கழகம் கேட்டுக்கொண்டு, பணியின் பகுதியாக நீங்கள் எழுதிய நூல் என்றால், மாறான ஒப்பந்தம் இல்லாதபோது அதன் முதல் உரிமையாளர் நிறுவனம்தான். தொலைநிலைக் கல்விக்காக எழுதிய பாடங்களைப் பின்னர் தனி நூலாக வெளியிடுபவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். வெளியிடும் முன் பதிவாளர் அலுவலகத்தில் எழுத்துமூலம் ஒப்புதல் வாங்குங்கள்.

அரசுக் கல்லூரியில் இருப்பவர்களுக்கு 1973ஆம் ஆண்டுத் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் பொருந்தும். நூல் வெளியிடுவது பற்றிய நடப்பு அரசாணையின் நகலை அலுவலகத்தில் கேட்டு வாங்கி, அது சொல்கிறபடி அனுமதியோ தகவல் கடிதமோ கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையுடன் உங்கள் படியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

2. பதிப்புரிமைப் பக்கத்தைச் சரிபாருங்கள்

தலைப்புப் பக்கத்தின் பின்புறம் இருக்கும் அந்த ஒரு பக்கம்தான் நூலகரும் அலுவலகமும் கேட்கப்போவது. அச்சுக்குப் போகும் முன்பே பார்ப்பது நல்லது.

ஐ.எஸ்.பி.என். (ஒவ்வொரு நூலுக்கும் தரப்படும் பன்னாட்டு அடையாள எண்) 13 இலக்கம் கொண்டது. இந்திய நூல்களுக்கு 978-81 அல்லது 978-93 என்று தொடங்கும். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இதை வழங்குகிறது. கட்டணம் கிடையாது. தானே பதிப்பிக்கும் நூலாசிரியர்களும் அதன் இணையதளத்தில் நேரடியாக விண்ணப்பிக்கலாம். "எண் வாங்கித் தருகிறோம்" என்று பணம் கேட்பவர்களிடம் போக வேண்டியதே இல்லை.

கையில் இருக்கும் எண் சரியான அமைப்பில் இருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். இடமிருந்து முதல் இலக்கத்தை 1ஆல், அடுத்ததை 3ஆல், மீண்டும் 1ஆல், 3ஆல் என்று 13 இலக்கங்களையும் மாறிமாறிப் பெருக்கிக் கூட்டுங்கள். கூட்டுத்தொகை 10ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். வகுபடவில்லை என்றால் எண் தவறு அல்லது அச்சுப்பிழை. அத்தகைய நூல்கள் பிற்பாடு தரமதிப்பீட்டுக் கோப்புகளில் தள்ளுபடியாகின்றன.

உங்கள் பெயரை எல்லா நூல்களிலும் ஒரே வடிவில் வையுங்கள். ஒன்றில் தலைப்பெழுத்து முன்னால், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் ஊர்ப்பெயர் சேர்த்து என்று இருந்தால் நூற்பட்டியலில் நீங்கள் மூன்று பேராகப் பிரிந்துவிடுவீர்கள். அச்சுப்படிக்கும் மின்னூலுக்கும் தனித்தனி எண் வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

3. படிகளை ஒதுக்கிவிட்டு மற்றதைச் செய்யுங்கள்

நூல் பெட்டி வீட்டுக்கு வந்ததும் கேட்பவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டு, நூலகத்துக்குக் கொடுக்கும்போது ஒன்றும் மிஞ்சாமல் போவது பரவலாக நடப்பது. பெட்டியைப் பிரித்த அன்றே ஐந்து படிகளைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள்: மைய நூலகத்துக்கு இரண்டு (ஒன்று குறிப்புதவிப் பிரிவில் தங்கினாலும் மற்றொன்று இரவலுக்குப் போகும்), துறை நூலகத்துக்கு ஒன்று, கல்லூரியின் தரமதிப்பீட்டு வேலையைக் கவனிக்கும் தர உறுதிப் பிரிவின் பார்வைக்கு ஒன்று, நூல் பற்றிப் பேசப்போகிறவருக்கு ஒன்று.

செலவைக் கணக்கிடுவது எளிது. பல பதிப்பகங்கள் நூலாசிரியருக்கு 30 முதல் 40 சதவீதம் வரை கழிவு தருகின்றன. விலை 300 ரூபாய், கழிவு 40 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஒரு படி 180 ரூபாய், ஐந்து படிகள் 900 ரூபாய். அச்சு நூலுக்கு ஜி.எஸ்.டி. இல்லை; பட்டியலில் வரி சேர்த்திருந்தால் கேள்வி கேளுங்கள். வேறு வளாகங்களுக்கோ இணைப்புக் கல்லூரிகளுக்கோ அனுப்புவதென்றால் அஞ்சல் துறை 2025 மே மாதம் தொடங்கிய 'ஞான் போஸ்ட்' இருக்கிறது. கல்வி சார்ந்த அச்சு நூல்களுக்கு 300 கிராம் வரை 20 ரூபாயில் தொடங்கி 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. தரைவழியாகப் போவதால் தாமதமாகும். விழாத் தேதிக்கு நெருக்கத்தில் இதை நம்ப வேண்டாம்.

பதிப்பகத்திடம் இன்னொரு கேள்வியும் கேட்டுவிடுங்கள். 1954ஆம் ஆண்டு நூல் வழங்கல் சட்டப்படி, நூல் வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மற்ற மூன்று நூலகங்களுக்கும் பதிப்பாளர் தம் செலவில் படிகள் அனுப்ப வேண்டும். அனுப்பினார்களா? நீங்களே பதிப்பாளர் என்றால் அந்த நான்கு படிகளும் உங்கள் கணக்கில் சேரும்.

4. நூலகத்தில் முறைப்படி ஒப்படையுங்கள்

இந்தப் படிநிலையில்தான் பெரும்பாலான நூல்கள் தொலைகின்றன, ஆகவே இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

முதல்வரிடமோ துணைவேந்தரிடமோ மேடையில் கொடுத்த படி நூலகத்துக்குப் போய்ச் சேரும் என்று எதிர்பார்க்காதீர்கள். அது அவருக்குத் தந்த அன்பளிப்பு. அவர் அறையில்தான் இருக்கும். நூலகரின் மேசையில் கொடுத்துவிட்டு வருவதும் போதாது. கடிதம் இல்லாத நூல் எந்தக் கணக்கிலும் ஏறாமல் அங்கேயே கிடக்கலாம். நூலகருக்கு ஒவ்வொரு நூலுக்கும் தணிக்கையில் பதில் சொல்லும் பொறுப்பு இருக்கிறது. எங்கிருந்து வந்தது என்று காட்டும் தாள் இருந்தால்தான் அவரால் சேர்க்கைப் பதிவேட்டில் எழுதி, நூலுக்குச் சேர்க்கை எண் தர முடியும்.

கடிதம் இந்த அளவில் இருந்தால் போதும்:

"மதிப்பிற்குரிய நூலகர் அவர்களுக்கு, நான் எழுதி இந்த ஆண்டு வெளியான ................ என்னும் நூலின் இரண்டு படிகளை (விலை ரூ. ........., ஐ.எஸ்.பி.என். ....................) நம் நூலகத்துக்கு நன்கொடையாக வழங்குகிறேன். ஒரு படியையேனும் மாணவர்கள் இரவல் பெறும் வகையில் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். சேர்க்கை எண்களைக் குறிப்பிட்டு ஒப்புகைக் கடிதம் வழங்கி உதவ வேண்டுகிறேன்."

முதல்வர் வழியாகப் போக வேண்டும் என்பது சில கல்லூரிகளின் வழக்கம். அப்படியானால் 'வழி: முதல்வர்' என்று எழுதி இரண்டு நகல் கொடுங்கள். கடிதத்தின் இரண்டு வரிகளை மட்டும் விட்டுவிடாதீர்கள். இரவல் பற்றிய வரி இல்லாவிட்டால் ஆசிரியர்களின் நூல்கள் மரியாதை காரணமாகவே பூட்டிய அலமாரிக்குப் போய்விடும். சேர்க்கை எண் பற்றிய வரி இல்லாவிட்டால் நூல் பதிவாயிற்றா என்று அறிய உங்களுக்கு வழியே இல்லை.

நூலகத்துக்கான படியில் வாழ்த்து எழுதிக் கையெழுத்திட வேண்டாம். "அன்புடன் இன்னாருக்கு" என்றிருக்கும் நூல் தனிப்பட்ட படி போலத் தோன்றும். கையெழுத்திட விரும்பினால் தலைப்புப் பக்கத்தில் பெயரும் தேதியும் மட்டும் போதும். தாள் உறையைக் கழற்றியே கொடுங்கள். முதுகுச் சீட்டு ஒட்டும்போது எப்படியும் அதை எடுத்துவிடுவார்கள்.

காலம்: ஆண்டு இருப்புச் சரிபார்ப்பு பல நூலகங்களில் கோடை விடுமுறையை ஒட்டி நடக்கிறது. அந்த வாரங்களில் புதிய நூல் எதுவும் நகராது. நிதியாண்டு முடியும் மார்ச்சில் வாங்கிய நூல்களின் பட்டியல்களைப் பதிவு செய்வதிலேயே நூலக ஊழியர்கள் மூழ்கியிருப்பார்கள். கல்வியாண்டு தொடங்கி ஓரிரு வாரம் கழித்து, ஜூலை வாக்கில் கொடுத்தால் வேலை விரைவாக நடக்கும்.

5. பட்டியலில் தேடிப் பாருங்கள், பகுப்பெண்ணையும் பாருங்கள்

ஒப்புகைக் கடிதம் வந்த பிறகு நூலகக் கணினியில் ஒரு மாணவரைப் போல உட்கார்ந்து தேடுங்கள். உங்கள் பெயரைத் தமிழில் அடித்துப் பாருங்கள், ஆங்கிலத்தில் அடித்துப் பாருங்கள், தலைப்பின் ஒரு சொல்லை மட்டும் அடித்துப் பாருங்கள். நம் கல்லூரிகள் பலவற்றில் கோஹா என்னும் நூலக மென்பொருள் இருக்கிறது. அது தமிழ் எழுத்தை நன்றாகவே ஏற்கும். ஆனாலும் உள்ளீடு செய்பவர் தமிழ்த் தலைப்பை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்துவிட்டால், தமிழில் தேடுபவருக்கு ஒன்றும் வராது. ழகரத்துக்கும் நெடிலுக்கும் ஆளுக்கு ஓர் எழுத்துக்கூட்டல் இருப்பதால் ஆங்கிலத்தில் தேடுபவருக்கும் வராது. தலைப்பைத் தமிழ் எழுத்தில் வைத்து, ஆங்கில எழுத்து வடிவை மாற்றுத் தலைப்பாகச் சேர்க்கும்படி நூலகரிடம் கேளுங்கள். தலைப்பையும் பெயரையும் ஒருங்குறியில் (யூனிகோடு) தட்டச்சு செய்து மின்னஞ்சலில் அனுப்பிவிட்டால் அவர் நகலெடுத்து ஒட்டினால் போதும்.

அடுத்தது பகுப்பெண், அதாவது நூல் எந்தப் பொருளின் அலமாரியில் நிற்கும் என்பதைச் சொல்லும் எண். தமிழில் எழுதப்பட்டது என்ற ஒரே காரணத்துக்காக வேளாண்மை நூலும் வரலாற்று நூலும் தமிழ் இலக்கியத்தோடு அடுக்கப்படுவதை நான் பார்த்திருக்கிறேன். தூவி தசமப் பகுப்பில் 894.811 தமிழ் இலக்கியத்துக்கு உரியது. தமிழ்நாட்டு வரலாறு என்றால் அது 954.82இல் இருக்க வேண்டும். தமிழகப் பொருளாதார நிலை பற்றிய நூல் 330.95482இன் பக்கம் போக வேண்டும். அலமாரி மாறிவிட்டால், அந்தப் பொருளைத் தேடி வரும் மாணவர் கண்ணில் உங்கள் நூல் படவே படாது. நூலின் பொருளை மூன்று வரியில் எழுதி, கடிதத்துடன் இணைத்துக் கொடுப்பது இதற்கு நல்ல தீர்வு. பகுப்பாளருக்கு முழு நூலையும் படிக்க நேரமிருக்காது; உங்கள் மூன்று வரி அவருக்கு உதவியாகவே இருக்கும்.

6. கல்லூரிப் பணத்தில் வாங்கும்போது ஒதுங்கி நில்லுங்கள்

நல்ல நூலை நூலகம் விலை கொடுத்து வாங்குவதில் தவறில்லை, வாங்கவும் வேண்டும். பதிப்பகங்கள் வாழ்வது அதனால்தான். ஆனால் அந்தக் கோப்பில் உங்கள் கையெழுத்து எங்கும் இருக்கக் கூடாது. பரிந்துரை துறைத் தலைவரிடமிருந்தோ, அதைவிட நல்லது, வேறொரு துறையிலிருந்தோ வரட்டும். நீங்கள் நூலகக் குழுவில் உறுப்பினர் என்றால் அந்தப் பொருள் வரும்போது வெளியே இருங்கள், அதைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். பட்டியல் பதிப்பகத்தின் பெயரில் வரட்டும்; நூலகங்களுக்கு வழக்கமான 10 சதவீதக் கழிவு அதில் இருக்கிறதா என்று நூலகர் பார்த்துக்கொள்வார். பணம் உங்கள் வங்கிக் கணக்கு வழியே போகக் கூடாது.

பாடத்திட்டக் குழுவில் இருப்பவர்களுக்கும் இதுவே. பார்வை நூல் பட்டியலில் உங்கள் நூலைச் சேர்க்க விரும்பினால், அந்தப் பொருளில் உள்ள மற்ற நூல்களோடு சேர்த்து வேறொருவர் முன்மொழியட்டும்.

மாணவர்களிடம் விற்பது பற்றி ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அக மதிப்பெண் போடும் கை, நூலுக்குப் பணம் வாங்கும் கையாக இருக்கக் கூடாது. "விருப்பமிருந்தால் வாங்கலாம்" என்று வகுப்பில் சொல்வதுகூட இருபது வயது மாணவருக்குக் கட்டளையாகவே கேட்கும். நூலகத்தில் இருக்கிறது, போய் எடுங்கள் என்று மட்டும் சொல்லுங்கள். வாங்க விரும்புபவர்கள் பதிப்பகத்தைத் தேடிப் போவார்கள். பாட நிமித்தம் ஓர் இயலை நகலெடுத்துக்கொள்ள ஒரு மாணவர் கேட்டால் தயங்காமல் சம்மதியுங்கள். கற்பித்தலின்போது ஆசிரியரும் மாணவரும் நகலெடுப்பதைப் பதிப்புரிமைச் சட்டமே அனுமதிக்கிறது. பாடத்தொகுப்புகளை நகலெடுப்பது தொடர்பான வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2016இல் அதை விரிவாக எடுத்துரைத்தது.

7. மின்படி கொடுப்பதற்கு முன்

நூல் வந்த வாரத்திலேயே, முழுக் கோப்பையும் துறை வாட்ஸ்அப் குழுவில் போடும்படி நண்பர்கள் கேட்பார்கள். போடாதீர்கள். மின்னூல் உரிமை பதிப்பகத்திடம் இருந்தால் அது ஒப்பந்த மீறல். உரிமை உங்களிடம் இருந்தாலும், எந்தப் பதிப்பு, என்ன உரிமம் என்ற தகவல் ஏதுமின்றி அந்தக் கோப்பு ஊர் ஊராகப் போய்விடும். பிழை திருத்தினாலும் திரும்ப அழைக்க முடியாது.

சரியான இடம் உங்கள் நிறுவனத்தின் மின்களஞ்சியம். பல பல்கலைக்கழகங்கள் டிஸ்பேஸ் மென்பொருளில் இதை நடத்துகின்றன. நூலகத்தில்தான் அதன் பொறுப்பாளர் இருப்பார். (ஆய்வேடுகளுக்கான சோத்கங்கா வேறு, நூல்களை அங்கே ஏற்ற முடியாது.) பொறுப்பாளருக்கு மூன்று ஆவணங்கள் வேண்டும்: கோப்பு, பதிப்பகத்தின் சம்மத மின்னஞ்சல், யார் எந்த அளவு பயன்படுத்தலாம் என்று நீங்கள் கையெழுத்திட்ட உரிமக் கடிதம். பதிப்பகத்திடம் கேட்கும்போது எல்லாம் அல்லது ஒன்றுமில்லை என்று கேட்காதீர்கள். முழு நூலுக்கு மறுத்தால் ஒரே ஓர் இயல், முன்னுரை, பொருளடக்கம் ஆகியவற்றுக்குக் கேளுங்கள். வெளியாகி ஓராண்டு அல்லது இரண்டாண்டு கழித்துத் திறந்துவிடலாமா என்று கேளுங்கள். வளாக வலையமைப்புக்குள் மட்டும் என்றால் சம்மதமா என்று கேளுங்கள். இவற்றில் ஏதாவது ஒன்றுக்குப் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள்.

உரிமை முழுவதும் உங்களிடம் இருக்கிறது, எல்லோரும் படிக்கட்டும் என்று நினைக்கிறீர்கள் என்றால் பிறர் நூலைப் பகிர முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் ஒன்றைத் தேர்ந்து பதிப்புரிமைப் பக்கத்திலேயே அச்சிட்டுவிடுங்கள். ஒரு முறை கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது என்பதை யோசித்துவிட்டுச் செய்யுங்கள்.

தமிழ் நூல்களுக்கே உரிய பொறி ஒன்று இருக்கிறது. பழைய எழுத்துருக்களில் பக்கம் கோத்த கோப்பு பார்வைக்கு அழகாக இருக்கும். அதிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து ஒட்டினால் புரியாத ஆங்கிலக் குறிகள் வரும். அத்தகைய கோப்பில் சொல்லைத் தேட முடியாது. தேடுபொறி அதைப் படிக்காது. எல்லாவற்றையும்விட, பார்வையற்ற மாணவர்களின் திரைவாசிப்பான் அதை வாசிக்காது. ஒவ்வொரு வளாகத்திலும் அவர்கள் இருக்கிறார்கள், அச்சுநூல் அவர்களுக்கு எட்டாது. அதனால் ஒருங்குறிக் கோப்பு இருக்கிறதா என்று பதிப்பகத்திடம் கட்டாயம் கேளுங்கள். அவர்களிடம் இல்லாவிட்டால் நீங்கள் முதலில் தட்டச்சு செய்து அனுப்பிய மூலக் கோப்பு ஒருங்குறியில் இருக்கலாம். அச்சுப் பிரதியின் திருத்தங்களை அதில் சேர்த்துவிட்டால் போதும். மாற்றுத்திறனாளிகள் படிக்கும் வடிவில் நூலை மாற்றித் தருவதற்குப் பதிப்புரிமைச் சட்டமே விலக்கு அளிக்கிறது. ஆகவே வேறு யாருக்கும் மின்படி தர முடியாத ஒப்பந்தம் என்றாலும், அவர்களுக்குத் தருவதில் தயக்கம் வேண்டாம்.

8. காட்சியும் கூட்டமும்

முதலில் தேதி. ஆகஸ்ட் 12, நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் பிறந்த நாள், தேசிய நூலகர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. பருவம் நடுவில் இருக்கும், மாணவர்கள் வளாகத்தில் இருப்பார்கள், நூலகமும் ஏதாவது செய்ய ஆயத்தமாக இருக்கும். இதைவிடப் பொருத்தமான நாள் இல்லை. நவம்பர் 14 முதல் 20 வரையிலான தேசிய நூலக வாரமும் ஏப்ரல் 23 உலகப் புத்தக நாளும் பல கல்லூரிகளில் பருவத் தேர்வோடு மோதுகின்றன. அந்த நாட்களில் அரங்கு கிடைக்கும், கேட்க ஆள் கிடைக்காது.

தனி நூலுக்கு விழா எடுப்பதைவிட, ஆசிரியர்கள் எழுதிய எல்லா நூல்களுக்கும் நூலக வாயிலருகே ஒரு நிலையான அடுக்கு கேளுங்கள். நூலகக் குழுவுக்கு ஒரு பக்க முன்மொழிவு போதும். இருக்கிற அலமாரியைப் பயன்படுத்தினால் செலவு பெயர்ப்பலகைக்கு மட்டும்தான். கௌரவ விரிவுரையாளர்கள், ஓய்வு பெற்றவர்கள், நூலகர், அலுவலகப் பணியாளர்கள் எழுதிய நூல்களையும் சேர்க்க வேண்டும் என்று முன்மொழிவிலேயே எழுதுங்கள். கௌரவ விரிவுரையாளர் ஒருவரின் நூல், அவர் வேறு கல்லூரிக்குப் போனதும் யாருக்கும் நினைவில்லாமல் போய்விடுகிறது. அது நேர வேண்டியதில்லை.

கூட்டம் நடத்துவதென்றால் ஒரு மணி நேரத்துக்குள் முடியுங்கள். மூன்று வாரத்துக்கு முன்பே இரண்டு மாணவர்களுக்கு நூலைக் கொடுத்துப் படிக்கச் சொல்லி, அவர்களை முதலில் பேச விடுங்கள். வேறு துறையிலிருந்து ஒருவர் பேசட்டும். நீங்கள் கடைசியில் பத்து நிமிடம் பேசிவிட்டுக் கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள். பொன்னாடைக்கும் மாலைக்கும் ஆகும் பணத்தில் நூலகத்துக்கு இன்னும் சில படிகள் வாங்கிவிடலாம். அழைப்பிதழிலேயே இதைச் சொல்லிவிட்டால் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. அரங்க அனுமதிக் கடிதத்தை பத்து நாட்களுக்கு முன் கொடுங்கள். சுவரொட்டியில் நூலின் பெயருக்குக் கீழே நூலகப் பகுப்பெண்ணையும் அச்சிடுங்கள். அதைப் பார்த்துவிட்டு நேராக அலமாரிக்குப் போகிறவர்களை நான் கண்டிருக்கிறேன்.

9. கோப்பு ஒன்று திறந்து வையுங்கள்

உயர்கல்வி நிறுவனங்களுக்குத் தரச்சான்று வழங்கும் தேசிய அவையான நாக்கின் தரமதிப்பீட்டுக்கு ஆசிரியர்களின் நூல் விவரம் தேவைப்படும். தர உறுதிப் பிரிவு அவசரமாகக் கேட்கும் நாளில் தேடாமலிருக்க இவற்றை ஒரே கோப்பில் ஸ்கேன் செய்து வையுங்கள்:

- அட்டை, பொருளடக்கம், ஐ.எஸ்.பி.என். எண்ணும் ஆண்டும் உள்ள பதிப்புரிமைப் பக்கம்
- நூலகத்தின் ஒப்புகைக் கடிதம், சேர்க்கை எண்களுடன்
- அனுமதி அல்லது தகவல் கடிதத்தின் முத்திரையிட்ட படி
- பதிப்பக ஒப்பந்தமும் சம்மத மின்னஞ்சல்களும்

நூலில் உங்கள் கல்லூரியின் பெயர் ஆசிரியர் குறிப்பில் இடம்பெற்றிருக்க வேண்டும். பழைய பணியிடத்தின் பெயர் அப்படியே அச்சாகிவிட்டால் இரண்டு நிறுவனங்களிலும் கேள்வி வரும். ஆசிரியர்கள், ஆய்வாளர்கள் பற்றிய விவரங்களுக்காக இன்பிளிப்நெட் மையம் நடத்தும் வித்வான் தளத்திலும், ஆய்வாளர் அடையாள எண் தரும் ஆர்கிட் கணக்கிலும் நூலை அதே வாரம் சேர்த்துவிடுங்கள். இரண்டுக்கும் கட்டணம் இல்லை.

பதவி உயர்வுக்காகக் கணக்கிடுபவர்களுக்கு: பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறை அட்டவணையில் பன்னாட்டுப் பதிப்பகத்தின் நூலுக்கு 12 மதிப்பெண், தேசியப் பதிப்பகத்தின் நூலுக்கு 10, தொகுப்பு நூலில் ஓர் இயலுக்கு 5, மொழிபெயர்ப்பு நூலுக்கு 8. இந்த எண்களுக்காக, பணம் வாங்கிக்கொண்டு ஐ.எஸ்.பி.என். மட்டும் ஒட்டித்தரும் நிறுவனங்களிடம் போகாதீர்கள். அந்த நூல்கள் எந்தக் கடையிலும் நூலகத்திலும் இருப்பதில்லை, மதிப்பீட்டுக் குழுவினருக்கும் அவற்றின் பெயர்கள் அத்துப்படி.

10. ஓராண்டு கழித்து ஒரு முறை

கல்வியாண்டு முடியும்போது நூலகரிடம் இரவல் விவரம் கேளுங்கள். கோஹாவில் ஒரு நூல் எத்தனை முறை வெளியே போயிற்று என்பது உடனே தெரியும். யார் எடுத்தார்கள் என்று கேட்கக் கூடாது, அது வாசகரின் உரிமை. எண்ணிக்கை மட்டும் போதும். ஒரு முறையும் போகவில்லை என்றால் பட்டியலிலும் அலமாரியிலும் சிக்கல் இருக்கிறதா என்று ஐந்தாம் படிநிலையைத் திரும்பச் செய்யுங்கள். படி தொலைந்திருந்தால், எடுத்தவரிடம் தண்டம் வசூலாகும் வரை காத்திராமல் இன்னொன்று கொடுங்கள். பிழைகள் கண்டுபிடித்திருந்தால் திருத்தப் பட்டியலை ஒரு தாளில் அச்சிட்டு, நூலகத்தில் இருக்கும் ஒவ்வொரு படியின் பின் அட்டையின் உட்புறத்திலும் ஒட்டச் சொல்லுங்கள். இரண்டாம் பதிப்பு வந்தால் புதிய கடிதம், புதிய சேர்க்கை எண். பழைய பதிப்பை எடுத்துவிட வேண்டாம் என்றும் அந்தக் கடிதத்தில் ஒரு வரி சேருங்கள். அதன் பக்க எண்களை மேற்கோள் காட்டி ஆய்வேடு எழுதியவர்கள் இருப்பார்கள்.